எண்ணாத நீதி

தமிழில் 'எண்ணுதல்' என்னும் ஒரு சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று எனத் தொகை காண்பதும் எண்ணுதல். உள்ளத்தால் ஆராய்ந்து பார்ப்பதும் எண்ணுதல். ஒரே சொல்லில் ஒன்றாகக் குடியிருக்கும் இவ்விரண்டையும் பிரித்து வைத்துவிட்டு நீதி வழங்கப் புறப்படுவோர் நாட்டில் மலிந்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணாமலே எண்ணுகிறார்கள். கணக்கெடுக்காமலே கருத்துரைக்கிறார்கள், கருத்தோடு நில்லாமல் சட்டமும் செய்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழே நசுங்குவது யார், நிமிர்வது யார் என்று கேட்டால், "நாங்கள் நல்லெண்ணத்தோடுதானே செய்தோம்!" என்கிறார்கள்.

நல்லெண்ணம் போதுமா? அதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வினா, தோழர்களே!

நானொரு பள்ளி ஆசிரியன். சென்ற ஆண்டு ஜூன் திங்களில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய எங்கள் மாணவியருள் பதினொருவர் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. ஏன்? முப்பது ஆண்டு அனுபவம் வாய்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர் உடனே விடை சொல்லிவிட்டார்: "இதுக்கு என்ன ஆராய்ச்சி தம்பி வேண்டியிருக்கு? பொம்பளப் பிள்ளய மேல படிக்க வைக்க நம்ம ஊர்ல எவனுக்கு மனசு வருது?" அறையிலிருந்த அனைவரும் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். பெண்ணடிமைத்தனத்தைச் சாடிப் பேசிப் பழகிய நாவல்லவா நமது நா! அந்த விடை எனக்கு இனித்தது. இனித்த காரணத்தாலேயே அது மெய்யென்று நம்பினேன்.

ஆயினும் அன்றிரவு ஓர் ஐயம் அரித்தது. 'நாம் யாரையேனும் கேட்டோமா?' மறுநாள் முதல், வகுப்பாசிரியை ஒருவரும் நானுமாக அந்தப் பதினொரு வீடுகளுக்கும் சென்றோம். பெற்றோர் மனமில்லாமல் மறுத்தது இரண்டு வீடுகளில். ஐந்து வீடுகளில் குறுக்கே நின்றது பேருந்து. கல்லூரி விட்ட பிறகு ஊருக்கு வரும் முதல் வண்டி, இருட்டிய பின்னரே வருகிறது. நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பது 2021 முதல் நடைமுறை. கட்டணம் இல்லைதான், வண்டியும் அல்லவா இல்லை! மூன்று வீடுகளில், சான்றிதழ் கைக்கு வருவதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிட்டது. ஒரு வீட்டில் தாய் படுக்கையில் கிடந்தாள்.

மகளைப் படிக்கவைக்கத் தவித்த ஒன்பது குடும்பங்களைப் 'பெண்கல்விப் பகைவர்' என்று நாங்கள் ஓர் அறையில் அமர்ந்து தேநீர் பருகியவாறே தீர்ப்பளித்திருக்கிறோம். அந்தத் தீர்ப்பின்படி நடவடிக்கை எடுத்திருந்தால் என்ன செய்திருப்போம்? விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தியிருப்போம். பதாகை பிடித்திருப்போம். அந்தத் தாய்மார்களுக்கே அறிவுரை கூறியிருப்போம். மாலை ஐந்து மணிக்கு ஒரு பேருந்து வேண்டுமென்ற மனு மட்டும் எழுதப்பட்டிராது.

தெரியாமல் செய்த பிழை மன்னிக்கத்தக்கது என்பர். ஒப்புகிறேன். ஆனால், தெரிந்துகொள்ள வழியிருந்தும், அதிகாரமிருந்தும், அவகாசமிருந்தும், தெரிந்துகொள்ளாமலே பிறர் வாழ்வைத் தீர்மானிப்பது வெறும் அறியாமை அன்று, அது அறப்பிழை. கண்ணிருந்தும் மூடிக்கொண்டு நடப்பவன் காலடியில் குழந்தை மிதிபட்டால், 'நான் பார்க்கவில்லையே' என்று அவன் சொல்வது வாதமாகுமா? ஓர் ஆசிரியர் அறையின் பிழை பதினொரு வீடுகளோடு நிற்கும். ஓர் அரசின் பிழையோ ஒரு தலைமுறையையே தொடும். எனவேதான், உயர்கல்விக் கொள்கை வகுப்போரிடம் சான்று கேட்பதை நிர்வாக நுணுக்கம் என்று நான் கருதவில்லை. அறக்கடமை என்று கருதுகிறேன்.

இந்தக் கடமையை நம்மவர் நேற்று இன்று கற்றுக்கொண்டதல்ல. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் கொள்கை விளக்க அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வசைமாரி அல்ல அதன் வலிமை. அதில் அடுக்கப்பட்ட எண்களே வலிமை. சென்னை மாகாண மக்கள் 4 கோடியே 15 இலட்சம் பேரில் 4 கோடிக்குக் குறையாதோர் பார்ப்பனரல்லாதார் என்று அது தொடங்கியது. அரசுப் பணிகளின் நிலைமையையும் எண்களாலேயே அது எடுத்துரைத்தது. அக்காலத்து மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் ஒரே வகுப்பார். 'எங்களுக்கு உரிய இடமில்லை' என்ற முனகல், எண்ணாக மாறியபோதுதான் மறுக்கமுடியாத வழக்காயிற்று. அவ்வழக்கின் விளைவாகவே 1921-இன் வகுப்புவாரி ஆணை பிறந்தது.

இங்கேதான் எண்ணுதலின் எல்லையையும் நாம் உணரவேண்டும். 128-இல் 93 என்ற அதே எண்ணை இருவர் பார்த்தனர். ஒருவர், "அநீதியைப் பாரீர்!" என்றார். மற்றவர், "திறமையைப் பாரீர்!" என்றார். எண் ஒன்றே, முடிவுகள் இரண்டு. எண் தானாக எழுந்து நின்று நீதி சொல்வதில்லை. உள்ளது இது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. இப்படி இருக்கலாமா என்பதை மனிதனின் மனச்சான்றே சொல்லவேண்டும். பிறப்பினால் அறிவு ஏறும், இறங்கும் என்பதை ஏற்காத நெஞ்சுக்கு, 93 என்ற எண் உடனே மற்றொரு வினாவை எழுப்பும்: 'மற்றவர் வரும் வழியில் என்ன தடை இருந்தது?' அவ்வினாவுக்கும் விடை காண மீண்டும் எண்ணத்தான் வேண்டும்: பள்ளி எங்கே இருந்தது, கட்டணம் எவ்வளவு, படித்தோர் எத்தனை பேர்? சமத்துவம் என்ற கொள்கை வினாவைத் தருகிறது. சான்று விடையைத் தருகிறது. கொள்கையற்ற எண் குருட்டு ஏடு. எண்ணற்ற கொள்கை வெறும் மேடை முழக்கம்.

இனி, நம் காலத்து வழக்கொன்றைப் பார்ப்போம். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 1984-இல் வந்தது. 'ஒரே தேர்வு, ஒரே அளவுகோல், எல்லோர்க்கும் சமம்' என்று காதுக்கு இனிமையாகக் கூறினர். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து கருத்தளிக்க, 2006-இல் சட்டம் இயற்றப்பட்டு அத்தேர்வு நீக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றமும் 2007-இல் அச்சட்டம் செல்லும் என்றது. பின்னர் மருத்துவக் கல்விக்கு நாடு முழுமைக்குமான 'நீட்' தேர்வு 2017 முதல் தமிழ்நாட்டையும் பிணித்தது. நீதியரசர் ஏ.கே. இராஜன் தலைமையில் 2021-இல் அமைந்த குழு, அதன் விளைவை எண்ணிப் பார்த்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றோருள், பள்ளி முடித்து ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மீண்டும் முயன்றவர்கள், 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. தமிழ்வழியில் படித்தோரின் பங்கு, முன்னர் 14 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. பின்னர் 4 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது.

இந்த எண்கள் என்ன உரைக்கின்றன? ஓராண்டு வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டி, மீண்டும் எழுதும் வசதி யாருக்கு உண்டு? கூலி வேலைக்குச் செல்லும் தந்தையின் மகனுக்கு அந்த ஓராண்டு ஏது? அளவுகோல் ஒன்றுதான், அதனால் அளக்கப்படுவது அறிவு மட்டும்தானா, தந்தையின் பணப்பையுமா என்பதே வினா. இருபது பேரை ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது சமம் போலத் தோன்றும். அவர்களில் சிலர் விடியற்காலை முதல் வயலில் உழைத்துவிட்டு வந்தவர்கள் என்பது கோட்டைப் பார்த்தால் தெரியாது. ஆளைப் பார்த்தால்தான் தெரியும்.

எனினும், பகுத்தறிவாளர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம், நமக்கு உவப்பான பக்கத்தோடு ஏட்டை மூடிவிடலாகாது. நீட் வருவதற்கு முன்னரும், அரசுப் பள்ளியில் படித்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தோர் மிகச் சிலரே. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே நம்பிய காலத்தில், பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்து, ஈராண்டும் ஒரே பாடத்தை உருப்போட வைத்து, கோழிப்பண்ணை போல் மதிப்பெண் விளைவித்த தனியார் பள்ளிகளை நாம் மறந்துவிட்டோமா? ஆகவே, ஒரு தேர்வை நீக்கிவிட்டால் நீதி நிறைந்துவிடும் என்பது எண்ணிப் பார்க்காத முடிவு. இதனை உணர்ந்ததனால்தான், நீதியரசர் கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர் நிலையைத் தனியே ஆராய்ந்தது. 2020-இல், அவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. 2022-இல் உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. கதவு எங்கே அடைபட்டிருக்கிறது என்று தடவிப் பார்த்துக் கண்டபின் திறந்த கதவு அது. நீட் விலக்குக் கோரி 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வரைவோ, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022-இல் மீண்டும் நிறைவேறி, இறுதியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது என 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. சான்று அளித்தவுடன் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், சான்றைத் திரட்டி வைத்தவனிடம் 'இது வெறும் உணர்ச்சிக் கூச்சல்' என்று எவரும் சொல்ல முடியாது. மறுப்பவர்தாம் காரணம் காட்டக் கடமைப்பட்டவராகிறார்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். பிறரைச் சுடும் எண்ணைக் கையில் ஏந்துவது எளிது. நம்மைச் சுடும் எண் வந்தால் என்ன செய்கிறோம்? பகுத்தறிவின் உரைகல் அதுதான்.

1969-இல் ஏ.என். சட்டநாதன் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1970-இல் அது அறிக்கை தந்தது. பிற்படுத்தப்பட்டோர் என்ற பட்டியலுக்குள்ளேயே, அப்பட்டியலாரின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 விழுக்காடே உள்ள ஒன்பது சாதியார், அப்பட்டியலுக்குக் கிடைத்த பொறியியல் இடங்களில் 44 விழுக்காட்டையும், மருத்துவ இடங்களில் 47 விழுக்காட்டையும் பெற்றிருந்தனர் என்று ஆணையம் எண்ணிக் காட்டியது. மிகவும் பின்தங்கியோரைத் தனியே பிரித்து உதவுக என்றது. பங்கு கேட்டு எழுந்த வீட்டிலேயே பங்கீடு செம்மையாக இல்லை என்ற செய்தி அது! அரசு என்ன செய்தது? 1971-இல் மொத்த ஒதுக்கீட்டின் அளவு உயர்ந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால், மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கெனத் தனியாக 20 விழுக்காடு வந்தது 1989-இல். அதுவும் சாலையில் போராட்டம் வெடித்து, உயிர்கள் பலியான பிறகு. இடையில் ஓடியவை பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேல். 1970-இல் பிறந்த குழந்தை கல்லூரி வாயிலுக்கு வந்து, இடமில்லை என்று திரும்பிச் செல்லும் அளவுக்கு நீண்ட காலம் அது. எண் ஏட்டில் இருந்தது. எண்ணும் மனம்தான் இல்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2021-இல் ஒரு வகுப்பார்க்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. 2022 மார்ச்சு 31-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. அண்மைக் கால விவரம் இன்றி, 1980-களில் திரட்டிய பழைய கணக்கின் மேல் அச்சட்டம் நின்றது என்பது கண்ட குறைகளுள் ஒன்று. 2009-இல் அருந்ததியர்க்கு அளித்த 3 விழுக்காடோ, நீதியரசர் ஜனார்த்தனம் குழுவின் ஆய்வை அடுத்துப் பிறந்தது. 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலும் நிலைத்து நின்றது. கோரிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். சான்றின்றி அதனை நீதிமன்றத்துக்கு அனுப்புவது, கவசமின்றி வீரனைக் களத்துக்கு அனுப்புவது போன்றது. 1931-க்குப் பின் முழுமையான சாதிவாரிக் கணக்கு நாட்டில் எடுக்கப்படவில்லை. அடுத்து வரும் 2027 கணக்கெடுப்பில் அது இடம்பெறும் என நடுவணரசு 2025-இல் அறிவித்தது. தொண்ணூற்றாறு ஆண்டு இருளுக்குப் பின் ஏற்றப்படும் விளக்கு! அந்த வெளிச்சத்தில் நம் முகமும் தெரியும் என்பதை மறவாதிருப்போம்.

எண்ணை நம்புக என்றேன். எண்ணிடம் ஏமாறாதிருக்க என்றும் சொல்லவேண்டும். உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது என்று மேடைதோறும் முழங்குகிறோம். உண்மைதான். 2021-22-க்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கின்படி, மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. ஆனால், 2019-20 ஏட்டில் இதே தமிழ்நாட்டின் எண் 51.4 என்றிருந்தது, அடுத்த ஆண்டு ஏட்டில் 46.9. ஓராண்டில் மாணவர் கூட்டம் கல்லூரியைவிட்டு ஓடிவிட்டதா? இல்லை. 18 முதல் 23 அகவை வரை உள்ளோர் எத்தனை பேர் என்ற மதிப்பீடு, 2001 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து 2011 கணக்கின் அடிப்படைக்கு மாற்றப்பட்டது. வகுக்கும் எண் மாறியது, ஈவு மாறியது. அவ்வளவே! இதை அறியாதவன் முதல் எண்ணைக் கண்டு ஆடிப் பாடுவான். இரண்டாம் எண்ணைக் கண்டு அழுது புலம்புவான். இரண்டும் வீண்.

மேலும், அந்த விகிதம் சேர்ந்தோரைச் சொல்கிறது. தேறி முடித்தோரைச் சொல்வதில்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்து இங்கே படிப்போரும் அதில் அடங்குவர். இங்கிருந்து வெளியே சென்றோர் அடங்கார். பட்டம் பெற்றவன் என்ன வேலை செய்கிறான் என்பதும் அதில் இல்லை. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல். நல்ல திட்டங்கள். அவற்றை வாழ்த்துவதற்கு மேலாக நாம் கேட்கவேண்டியவை உள்ளன: பணம் பெற்றோர் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தலாமா? திட்டம் இல்லாதிருந்தால் படிப்பை விட்டிருக்கக்கூடியவர் எத்தனை பேர்? முதலாண்டில் சேர்ந்து மூன்றாமாண்டுக்கு வராதவர் எத்தனை பேர், எதனால்? இப்படிக் கேட்பவனைத் திட்டத்தின் பகைவன் என்று முத்திரை குத்துவோர் உண்டு. மருந்து கொடுத்த மருத்துவர் மறுநாள் வந்து நாடி பிடித்துப் பார்ப்பது மருந்தின்மேல் உள்ள பகையாலா?

இரண்டு எதிர்ப்புகளுக்கு விடை கூறி முடிக்கிறேன்.

"மனிதனை எண்ணாக்கலாமா? கண்ணீரைக் கணக்கிட முடியுமா?" என்று கேட்பர் கவியுள்ளம் படைத்தோர். முடியாதுதான். ஆனால், தோழர்களே, வரலாற்றில் ஏழைக்கு நேர்ந்த பெருங்கொடுமை, அவன் எண்ணப்பட்டது அன்று, எண்ணப்படாமல் விடப்பட்டது! எங்கள் பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பதினொரு மாணவியர் பெயருக்கு எதிரே 'மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது' என்ற ஒரே வரிதான். அத்தோடு அவர்கள் நாட்டின் நினைவிலிருந்து மறைந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒன்று என்று எண்ணுவது, ஒவ்வொருவரும் ஓர் ஆள் என்று ஒப்புக்கொள்வதன் முதற்படி. மேட்டுக்குடி மகனும் ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துறங்கும் மகளும் ஒன்று. மனு நூல் தராத சமத்துவத்தைக் கணக்கு ஏடு தருகிறது!

"முழுச் சான்றும் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்பர் மற்றொரு சாரார். இவர்கள் குரல் பகுத்தறிவின் குரல் போலவே ஒலிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சான்று கேட்பது வேறு, சாக்குத் தேடுவது வேறு. ஆணையம் அமைப்பதும், அதன் அறிக்கையை அலமாரியில் அடைப்பதும், பின்னர் அதே வினாவுக்கு இன்னோர் ஆணையம் அமைப்பதும் சான்று தேடலாகுமா? தெரிந்த அளவுக்குச் செயல்படுவோம், செயல்படும்போதே எண்ணுவோம், எண்ணிக்கை நம்மைத் தவறென்று காட்டினால் திருத்துவோம். எந்த எண்ணைக் கண்டால் நம் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதவன், கொள்கை வைத்திருக்கவில்லை, பக்தி வைத்திருக்கிறான். பக்தியை எதிர்த்து எழுந்த நாம், கொள்கையின் பெயரால் புதியதொரு பக்திக்குப் பூசாரிகளாகிவிடலாகாது.

படித்த இளைஞர்களே! உங்கள் ஊரில் சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் யார் யார்? அவர்களில் இன்று கல்லூரியில் இருப்போர் யார், இல்லாதோர் யார், ஏன்? இதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கதவைத் தட்டும் கையும், சொல்வதைக் கேட்கும் பொறுமையும் போதும். அக்குறிப்பேட்டோடு ஊராட்சி மன்றத்துக்குச் செல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் செல்லுங்கள். உங்கள் கையில் இருப்பது வேண்டுகோள் அன்று, சான்று.

எங்கள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நாங்களும் போக்குவரத்துப் பணிமனைக்குச் சென்றோம். ஐந்து பெயர்களையும் ஊர்ப்பெயரையும் கல்லூரி விடும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தோம். பேருந்து இன்னும் வரவில்லை. மறுபடியும் செல்வோம். மூத்த ஆசிரியரும் இம்முறை எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "அஞ்சு பிள்ளைங்க தம்பி... கேட்காமலே பேசிட்டேனே!" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது அறம்.